சாமி விளக்கும் திங்கட்கிழமை ஜீப்பும்

போடியில் சுருளியின் ஜீப்பைத் தெரியாத ஏலத்தோட்டப் பெண்கள் குறைவு. விடியுமுன் தெருத்தெருவாக ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதை வழியாகத் தோட்டத்துக்குப் போவான். பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடுவான். அவன் மனைவி அருணாவும் அதே ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள்தான். வளைவில் எதிரே பஸ் வந்தால் முதலில் ஒதுங்குகிறவன் சுருளி. 'பயந்தாங்கொள்ளி' என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். பெண்களோ அவன் வண்டியைத்தான் தேடி ஏறுவார்கள்.

அப்பேர்ப்பட்ட வண்டிக்குத் திங்கட்கிழமைதோறும் பிடிவாதம் வந்தது. ஞாயிறு ஒருநாள் ஓய்வெடுத்தால் போதும், மறுநாள் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்பதோடு சரி. ஏற வேண்டிய பெண்களே வந்து தள்ளினார்கள். புது பேட்டரி போட்ட பிறகும் தள்ளினார்கள். தோட்டத்து சூப்பர்வைசர், "இன்னொரு திங்கக்கெழம லேட்டாச்சுன்னா வேற ஜீப்ப வரச் சொல்லிருவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த லோடு போனால் சுருளிக்கு வேறு பிழைப்பில்லை.

ஞாயிறு காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாக வண்டியை ஜக்கையனின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். ஜக்கையன் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவன், சுருளிக்கு மாப்பிள்ளை முறை. ஜீப்புக்குள்ளே கௌமாரியம்மன் படத்துக்கு முன்னால் எரிந்த சிவப்பு பல்பைப் பார்த்ததும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு மல்டிமீட்டரை எடுத்தான். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் வைத்துப் பார்த்தான். பதினாலு வோல்ட்.

"சார்ஜு நல்லா ஏறுது மாப்ளே. அதுல குத்தமில்ல."

அடுத்து சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி இடையில் மீட்டரைக் கோர்த்தான். நிறுத்திய வண்டியில் எண் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். முக்கால் ஆம்பியர் காட்டியது. உள்ளே யாரோ உட்கார்ந்து கரண்டைக் குடிக்கிறார்கள். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான், எண் அசையவில்லை. மூன்று பேரும் மீட்டரையே பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் மெதுவாக அம்மனைப் பார்த்தார்கள்.

சாமி விளக்கும் பேட்டரியில்தான் எரிகிறது என்பது, அதற்கு வயரைத் தன் கையாலேயே இழுத்து மாட்டிய சுருளிக்கு இத்தனை நாளும் உறைக்கவே இல்லை.

"நேரா பேட்டரில குடுத்திருக்க. ஓடுற நாள்ல குடிச்சத நெரப்பிக்கிரும். ஒருநா முழுக்க நின்னா காலி," என்றான் ஜக்கையன். விளக்கை அணை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "வௌக்கு மலையேறுனாத்தான் மாப்ளே, ஜீப்பு மலையேறும். ஆனா சாமி வயர்ல நான் கை வைக்க மாட்டேன்."

சுருளியும் வைக்க மாட்டான். மூடுபனியில் இதே ஜீப் சறுக்கி, மலைப்பாதைச் சுவரில் முட்டி நின்று அவன் பிழைத்துவந்த அன்று, இனி இந்த விளக்கு அணையவே அணையாது என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டவள் அருணா.

"வேணாம்ப்பா. லோடு போனா போகுது," என்றான் சுருளி.

அருணா கை நீட்டி விளக்கு வயரை உருவினாள். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது.

"சாவி போட்டா எரியிற மாதிரி மாத்திக் குடுங்கண்ணே. நாளைக்கு எங்களுக்குத் தள்ளத் தெம்பில்ல."

"ஏ புள்ள, நேத்திக்கடன்..."

"நான் வண்டிக்கா நேந்தேன்? நீங்க வீடு வந்து சேரணும்னு நேந்தேன். வண்டி வாசல்ல நின்னா நீங்க வீட்டுக்குள்ள இருக்கீங்க. அதுக்கு மேல ஆத்தாகிட்ட நான் என்னத்தக் கேக்கப் போறேன்?"

சுருளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை முன்னால் அழ வெட்கப்பட்டு, வண்டிக்கடியில் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான்.