ஸ்வீடிஷ் மட்டும் பாக்கி

வெய்யோ திர்க்கோனெனுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு முழுக்க முடிந்துவிட்டது, ஸ்வீடிஷ் மட்டும் பாக்கி. இதை அவர் முதன்முதலாகச் சொன்னபோது அவர் தலை நிறைய முடி இருந்தது.

பின்லாந்தில் பட்டம் கைக்கு வர வேண்டுமென்றால் ஸ்வீடிஷ் தேர்வைத் தாண்டியாக வேண்டும். வெய்யோ குடியிருந்த கிழக்கு மூலையிலோ ஸ்வீடிஷ் பேசுகிற ஆளே கிடையாது. காட்டில் எதிரே வருகிற கரடிகூட பின்னிஷில்தான் உறுமும். அதனால் அவர் வீட்டு அடுப்படி மேசையில் ஒரு ஸ்வீடிஷ் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, மாலையில் காபி ஊற்றிக்கொண்டு, முதல் பாடத்தை வாசிப்பார். லெனா ரயில் நிலையத்தில் நிற்கிறாள். லெனாவிடம் சிவப்புப் பெட்டி உள்ளது. ரயில் தாமதம். காபி தீர்ந்ததும் மூடி வைத்துவிடுவார். மறுவாரம் விட்ட இடம் நினைவில் இருக்காது, மறுபடி முதலிலிருந்து. இத்தனை வருஷமாக லெனா ரயில் ஏறவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் வெய்யோவின் வேலையே படிப்பது எப்படி என்று சொல்லித்தருவது. கணக்குக்கு ஒருத்தர், வரலாற்றுக்கு ஒருத்தர் என்று இருப்பதுபோல, தன் படிப்பைத் தானே கவனித்துக்கொள்ளப் பழக்குவதற்கு வெய்யோ. எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, தெரியாததற்கு இன்றைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று மூன்று கேள்விகளைச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு மேசையிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று பிளாஸ்டிக் கோப்பைகள். புரிந்தால் பச்சையை மேலே வை, அரைகுறை என்றால் மஞ்சள், ஒன்றுமே புரியவில்லையென்றால் சிவப்பு.

ஒன்பதாம் வகுப்பில் எல்லா மேசையிலும் எப்போதும் மஞ்சள்தான். பச்சை வைத்தால் பெரிய மேதாவி என்று பார்ப்பார்கள். சிவப்பு வைத்தால் வெய்யோ நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். வீடு தீப்பிடித்து எரிந்தாலும் "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "பரவால்ல" என்று சொல்கிற ஊர் அது. குளிர்காலம் முழுக்க அந்த வகுப்பறை ஒரே மஞ்சளாக, சூரியகாந்தித் தோட்டமாகவே இருந்தது.

மார்ச்சில் தலைமையாசிரியை ஐலா அவரைக் கூப்பிட்டார்.

"வெய்யோ, உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி உத்தரவு வந்துடுச்சு."

"நல்லது."

"பட்டம் வாங்கினவங்களுக்குத்தான். உன் ஸ்வீடிஷ் எப்படிப் போகுது?"

"போகுது."

"எங்க போகுது? மே மாசத்துக்குள்ள முடிக்கலன்னா வெளியூர்லேருந்து ஆள் எடுக்கணும். எனக்கு வேற வழி இல்ல."

கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் ஓனெர்வா உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தை இணையத்தில் விற்பனைக்குப் போட்டதற்காக அவளை அழைத்திருந்தார்கள். 'ஏரிக்கரை, நிறைய அறைகள், நீராவிக் குளியலுக்குச் சௌனா அறை மட்டும் இல்லை' என்று எழுதியிருந்தாள். விலை கேட்டு ஐலாவுக்குப் போன்கூட வந்திருந்தது. வெய்யோ வெளியே வந்தபோது ஓனெர்வா தன் ஷூ நாடாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூவில் நாடாவே இல்லை.

மறுநாள் வகுப்பில் அவள் கையைத் தூக்கினாள். அந்த நாட்டில் ஆசிரியரையும் பேர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வெய்யோ, உன் கோப்பை எங்க?"

"எனக்கு எதுக்குக் கோப்பை?"

"உன் ஸ்வீடிஷுக்கு."

பக்கத்து மேசை யல்மாரி தன்னுடைய கோப்பைகளைக் கொண்டுபோய் வெய்யோவின் முன்னால் வைத்தான். வெய்யோ கொஞ்சம் யோசித்துவிட்டு மஞ்சளை மேலே வைத்தார்.

"அப்ப புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு" என்றாள் ஓனெர்வா. வாரம் தவறாமல் வெய்யோ அவளிடம் சொல்கிற அதே வாக்கியம்.

வெய்யோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஸ்வீடிஷில் ஆரம்பித்தார். "லெனா ரயில் நிலையத்தில் நிற்கிறாள். லெனாவிடம் சிவப்புப் பெட்டி உள்ளது. ரயில் தாமதம்."

"அப்புறம்?"

"ரயில் தாமதம்."

"அதான் சொல்லிட்டியே. அப்புறம்?"

"ரொம்பத் தாமதம்."

"அப்ப நம்ம ஊரு ரயில்தான்" என்றான் யல்மாரி.

வெய்யோ மஞ்சளை எடுத்துவிட்டுச் சிவப்பை மேலே வைத்தார். அந்த அறையில் சிவப்பு மேலே வந்தது அதுதான் முதல் தடவை. அவர் காது மடலும் அதே நிறத்துக்கு வந்துவிட்டதால், கோப்பையைத் தனியாகப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

வெட்கத்தில் மறுநாளே புத்தகத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, இடைவேளையில் படிக்கலாம் என்று மேசை மேல் வைத்தார். சாயங்காலம் வீட்டில் காபியோடு திறந்தால் முதல் பாடம் திறக்கவில்லை. சுற்றிலும் ஸ்டேப்ளர் பின். கோட்டைச் சுவர் மாதிரி நெருக்கமாக அடித்திருந்தது. மேலே பேனாவில்: 'லெனா ஏறிட்டா. நீயும் வா.'

வெண்ணெய்க் கத்தியால் நெம்பப் பார்த்தார். கத்தி வளைந்தது. பிறகு கத்தியைக் கீழே வைத்தார். அந்த முதல் பாடத்தைப் பிரிய தனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. அதை வாசிக்கும்போதெல்லாம் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு சுகம் வரும். பழகிய முகத்தைப் பார்க்கிற சுகம் அது, படித்த சுகம் இல்லை. இரண்டும் வேறு வேறு என்று வருஷம் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்துகிற ஆள் அவர்தான். ரயில் நிலையத்தில் பெட்டியோடு நின்றதும் அவர்தான்.

இரண்டாவது பாடத்தைப் புரட்டினார். ஒரு வார்த்தை தெரியவில்லை. காபி ஆறிப்போனது.

அதற்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பு அவரை நிம்மதியாக விடவில்லை. பள்ளியில் அவர்களுக்கும் ஸ்வீடிஷ் ஒரு பாடம். காலையில் அவருடைய காபிக் குவளை யல்மாரியிடம் சிறைப்பட்டிருக்கும். நேற்றுப் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் ஸ்வீடிஷில் சொன்னால்தான் விடுதலை.

"நேற்று நான் மீன் வாங்கினேன். மீன் நன்றாக இருந்தார்."

"இருந்தது" என்றான் யல்மாரி. "மீனை மரியாதையா பேசாத. குவளை கிடையாது."

"யல்மாரி, தலை வலிக்குதுடா."

"தலைவலின்னு ஸ்வீடிஷ்ல சொல்லு, பாதி தர்றேன்."

வெய்யோவின் தப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் தங்களுக்குச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அந்தத் தடியன்களும் வேறு வழியில்லாமல் படித்தார்கள். வகுப்பின் ஸ்வீடிஷ் மதிப்பெண் ஏறிய வேகத்தைப் பார்த்து அந்தப் பாட ஆசிரியை, பிள்ளைகள் காப்பி அடிக்கிறார்கள் என்று நினைத்து மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். அங்கே கிடந்தது சூயிங்கம் மட்டும்.

வெய்யோவும் மாறினார். படிக்க உட்காரும் முன், இதில் எத்தனை எனக்கு வரும் என்று முதலில் ஊகித்துச் சொல்வார், பிறகு சோதித்துப் பார்ப்பார். ஊகம் எப்போதும் பெரிதாக இருந்தது, விடை எப்போதும் சிறிதாக இருந்தது. ஏப்ரல் கடைசியில் இரண்டும் கொஞ்சம் பக்கத்தில் வந்தன. ஏரியில் பனி உடைகிற சமயம் அது. ஓனெர்வா ஒருநாள் போகிற போக்கில் கேட்டாள்.

"தேர்வுல பாஸ் ஆகலன்னா என்ன பண்ணுவே?"

"வேற ஊர்ல தேடணும்."

"எந்த ஊர்?"

"தெரியல."

"ம்" என்றாள். அன்றைக்கு அவள் எந்தக் குறும்பும் செய்யவில்லை என்பதால் ஐலாவுக்கே கவலை வந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வு நகரத்தில். தேர்வாளர் குனில்லா, மேற்குக் கரையிலிருந்து வந்தவர், பேச்சு பாட்டு மாதிரி ஏறி இறங்கும். முதல் கேள்வியே இதுதான்: "உங்கள் ஸ்வீடிஷ் எப்படி இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?"

பரவாயில்லை என்ற சொல் வெய்யோவின் நுனிநாக்குவரை வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"சாப்பாடு, ரயில், வானிலை, இவற்றைப் பற்றி என்னால் பேச முடியும். காபி பற்றி மிக நன்றாகப் பேச முடியும். அரசியல் தெரியாது. உணர்ச்சிகளைப் பற்றியும் பேசத் தெரியாது. ஆனால் அது எனக்குப் பின்னிஷிலும் தெரியாது."

குனில்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அப்படியானால் ரயிலில் ஆரம்பிப்போம்" என்றார்.

வெய்யோ ஒரு பெண்ணைச் சிவப்புப் பெட்டியோடு ரயிலில் ஏற்றி, மீன் வாங்கவைத்து, மழையில் நனையவைத்து, கரையோர ஊர் ஒன்றில் இறக்கிவிட்டார்.

முடிவு போனில் வந்தபோது அவர் ஒன்பதாம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தார். திரையைப் பார்த்தார், போனைச் சட்டைப்பையில் போட்டார், ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு வந்து தன் கோப்பைகளில் பச்சையை எடுத்து மேலே வைத்தார்.

"எவ்வளவு?" என்றான் யல்மாரி.

"திருப்தி."

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. ஃபெயில்தான்."

"அப்ப சரி" என்றான் யல்மாரி. தன் பையிலிருந்து நசுங்கிய இலவங்கப்பட்டை பன் ஒன்றை எடுத்து, பாதியைப் பிய்த்து மேசையில் வைத்தான். பெரிய பாதி.

"இங்கதான் இருப்பே இல்ல?" என்று ஓனெர்வா கேட்டாள், ஜன்னலைப் பார்த்தபடி.

"இங்கதான்."

அவள் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், ஏதோ இடத்தைச் சுத்தம் செய்வதுபோல, மஞ்சள் கோப்பையை அடியில் தள்ளிவிட்டுச் சிவப்பை மேலே வைத்தாள்.

வெய்யோ நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"எதுல?"

"சதவீதம். எப்பவுமே புரிஞ்சதில்ல."

"எப்பவுமேவா? ஏன் சொல்லவே இல்ல?"

"போயிடற ஆள்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

வெய்யோவுக்கு உணர்ச்சிகளைப் பற்றி எந்த மொழியிலும் பேச வராது. அதனால் அவளுடைய கணக்குப் புத்தகத்தை மூடி ஒதுக்கி வைத்தார்.

"சரி, உனக்கு என்ன தெரியும்? அதுலேருந்து ஆரம்பி."

"ஸ்டேப்ளர் அடிக்கத் தெரியும்."

"அது எனக்கும் தெரியும். அடுத்தது சொல்லு."