நாலு சிலிண்டருக்கும் ஒரே எண்

எந்த வண்டி வந்தாலும் அப்பா முதலில் ஆயில் கேஜைத்தான் உருவுவார். கம்பி நுனியில் ஒட்டியிருக்கும் எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். அப்போது வண்டியைப் பார்க்க மாட்டார், தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தலைக்கு வைக்கும் எண்ணெயைக்கூட அப்படித் தேய்த்துவிட்டுத்தான் வைப்பார். "அதுல என்ன இரும்புத்தூளா வரப்போகுது? தலையில தடவுங்க, வழுக்கையாவது பளபளக்கட்டும்" என்பாள் அம்மா.

அப்பாவின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. இரண்டு வண்டி நிற்கும் தகரக் கொட்டகைதான் அவருடைய ஒர்க்ஷாப். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் மெக்கானிக்கல். பட்டத்தை அவர் வீட்டில் மாட்டவில்லை. ஒர்க்ஷாப்பில், ஸ்பேனர் பலகைக்கு மேலே மாட்டினார். "இனிமே இவதான் டாக்டர், நான் கம்பவுண்டர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும். பிடித்தும் இருந்தது.

பல் டாக்டர் ஒருவரின் காரைப் பதினாறு வருடமாக அப்பாதான் பார்த்து வந்தார். டர்போ வைத்த சிவப்புக் கார். பாய்ந்துபோவதற்கென்றே செய்தது. இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி முடித்து, நீலப் புகை கக்க ஆரம்பித்திருந்தது. எஞ்சினை இறக்கிப் பிரித்து வேலை பார்ப்பதா, அடிபட்ட வேறொரு காரின் எஞ்சினை வாங்கி மாட்டுவதா என்ற பேச்சு வந்தது.

"முடிஞ்ச வரைக்கும் பல்லைப் பிடுங்காம காப்பாத்தறதுதான் என் தொழில். நீங்க என்ன சொல்றீங்க மாஸ்டர்?" என்றார் டாக்டர்.

"பிரிச்சே பண்ணிடலாங்க. ரெண்டு மாசம் ஆகும். ஆனா உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும்."

நான் குறுக்கே புகுந்தேன். இவ்வளவு ஓடிய எஞ்சினில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகும், அறுபத்தெட்டாயிரம் மட்டுமே ஓடிய எஞ்சின் கிடைக்கும்போது அதை மாட்டுவதுதான் புத்திசாலித்தனம், மூன்று நாளில் வேலை முடியும் என்றேன். அப்பா டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். "எப்படிப் பேசுறா பாத்தீங்களா!"

டாக்டரையும் வைத்துக்கொண்டுதான் எஞ்சின் வந்து இறங்கியது. பழைய எஞ்சின் வியாபாரி கூடவே ஒரு தாளை நீட்டினார். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற சோதனைக் கணக்கு அதில் இருந்தது. நாலு சிலிண்டருக்கும் நூற்று எழுபத்தைந்து.

அப்பா கேஜை உருவினார். தேய்த்தார். தெருவைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் புதுசா ஊத்தியிருக்காங்களே."

"சுத்தமா குடுக்கணும்ல அண்ணே!" என்றார் வியாபாரி.

"அடித்தட்டைக் கழட்டி பேரிங்கை ஒரு தடவை பாத்துடலாமா?"

"சீல் வெச்சிருக்கு. தொறந்தா கேரண்டி கிடையாது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நாலும் ஒண்ணாவே இருக்குதாம்மா?"

"ஆமாப்பா. அவ்வளவு நல்ல எஞ்சின். அதான் பேப்பர் இருக்கே."

"சரி, நீ சொன்னா சரி" என்றார்.

பழைய எஞ்சினைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாக வியாபாரி சொன்னார். அப்பா கொடுக்கவில்லை. கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்.

எஞ்சினை மாட்டிக் கொடுத்த ஆறாவது வாரம் கார் இழுவை வண்டியில் வந்தது. நெடுஞ்சாலையில் பேரிங் இறுகி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு எஞ்சின் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கை நுழையும் ஓட்டை. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் பிடித்ததால் டாக்டர் பிழைத்தார். வியாபாரி போனை எடுக்கவில்லை.

டாக்டர் சத்தம் போடவில்லை. "நீங்க முதல்ல சொன்னதையே செஞ்சிருக்கலாமே மாஸ்டர்" என்று மட்டும் கேட்டார்.

"என் கணிப்பு தப்பிடுச்சுங்க. உங்க பழைய எஞ்சினை நானே கட்டித் தர்றேன். வேற யார் கையும் பட வேணாம்."

நான் என் பட்டத்துக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் சாப்பிடும்போது கேட்டேன். "உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாப்பா?"

"விரல்ல தெரிஞ்சுது. புது ஆயில்லயும் தூள் நெருடுச்சு. ஓடுன எஞ்சின்ல நாலும் ஒரே மாதிரி தேயாது கண்ணு. எவனோ உக்காந்து எழுதின நம்பர்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நாலு பேர் முன்னாடி உன்னை எப்படி இல்லன்னு சொல்றது?"

அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. என் முகம் வாடக்கூடாது என்பதற்காக இன்னொருவர் உயிரையே பணயம் வைத்திருக்கிறார். இது என்ன மரியாதை? அப்புறம்தான் உறைத்தது. டாக்டர் முன்னால் அப்பாவின் யோசனையை நான் வெட்டிப் பேசியபோது, அவர் முகம் வாடுமே என்று ஒரு நொடிகூட நினைத்தவள் இல்லை நான்.

அதற்குப் பிறகு அவர் எண்ணெயைத் தேய்க்கவில்லை. கேஜைத் துணியால் துடைத்துத் திரும்பச் செருகிவிடுவார். நான் அதைக் கவனிப்பதும் அவருக்குத் தெரியும்.

பழைய எஞ்சினைப் பிரித்தார். தேய்ந்த சிலிண்டர்களைச் சீராகக் குடைய பிளாக்கைப் போரிங் செய்து வாங்கினார். கிராங்க் தண்டைக் கடைசலுக்குக் கொடுத்து எடுத்தார். பிஸ்டன் வருவதற்கு ஐந்து மாதம் ஆனது. வந்த நாள் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை, ஒர்க்ஷாப் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

சாவுக்கு டாக்டர் வந்தார். அன்று தப்பியது யாருடைய கணிப்பு என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

உதிரிகள் நாலு தட்டில் அப்படியே இருக்கின்றன. பிரித்தபோது அளந்த சிலிண்டர் தேய்மானத்தைத் தட்டுகளில் ஒட்டிய டேப்பில் அப்பா எழுதியிருக்கிறார். நாலும் நாலு எண். அவற்றைச் சேர்த்து எஞ்சினாக்க எனக்குத் தெரியாது. இன்னொரு மெக்கானிக்கிடம் கொடுக்க மனம் வரவில்லை.

கார் எஞ்சின் இல்லாமல் டாக்டர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. யாராவது விலைக்குக் கேட்டால், "மாஸ்டர் கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கார்" என்கிறாராம்.