என் மனைவியின் பாட்டுக்கு எதிராக நான் பேசிய ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மாடியறையில் நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுவோம். பதினோரு வருடமாக நடக்கிறது. கூடுவது பழைய ராக் பாட்டுகளைப் பற்றிச் சண்டை போட. எழுபதுகளின் பேண்டுகள், கொஞ்சம் அறுபதுகள், எண்பதுகளின் தொடக்கம் வரை. அதைத் தாண்டி யாராவது வந்தால், ஆறு பேரில் ஒருவரான கடைக்காரர் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். எந்த பேண்ட், எந்தப் பாட்டு என்று இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்கள் நடந்ததை விட்டுவிட்டு அந்தப் பாட்டைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு ரசிகர்களைத் தெரியும்.

எல்லாருக்கும் தெரிந்த பாட்டைக் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் விதி. வானொலியில் வருவது, கல்யாண விருந்தில் எவனாவது கிட்டாரைத் தொட்டால் முதலில் வாசிப்பது, இதெல்லாம் வாசலோடு சரி. ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டு யாரும் கவனிக்காமல் போன பாட்டு வேண்டும். ஒருவர் கொண்டுவருவார், ஒரு முறை கேட்போம், வாதாடுவோம். பிறகு கை தூக்கி ஓட்டு: இந்தப் பாட்டை உலகம் மறந்தது நியாயமா, அநியாயமா? அநியாயம் என்றால் பாட்டுக்கு வெற்றி. தீர்ப்பைக் கடைக்காரர் நோட்டில் எழுதிவைப்பார்.

அந்த நோட்டில் அதிகமாக ‘அநியாயம்’ வாங்கியவன் நான். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் நிறுவனமொன்றில் மேற்பார்வையாளர் வேலை. அங்கே என் பேச்சை லோரி ஓட்டுநர்கள்கூட இரண்டு முறை சொன்னால்தான் கேட்பார்கள். மாடியறையில் நான் வாயைத் திறந்தால் ஐந்து பேரும் தே தாரேக் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை.

என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவள் என் பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ரெக்கார்டு போட்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள். சாப்பிடும்போது நான் ஏதாவது ஆல்பத்தைப் பற்றி விளக்கினால் “ம்” என்பாள். அவளுக்கு இதில் ஈடுபாடு இல்லை என்று நான் முடிவு கட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

போன வருடம் ஒரு ஞாயிறு, அவள் தங்கை மகள் கல்யாணத்துக்கு ரவிக்கைத் துணி எடுக்க என்னோடு காரில் பிரிக்பீல்ட்ஸ் வந்தாள். துணி எடுத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் விடவில்லை.

“அண்ணி, மேல வாங்க. மழை விட்டதும் போலாம் லா. நாங்க சண்டை போடறத வேடிக்கை பாருங்க.”

அவள் வந்து, ஜன்னலோரம் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று பாட்டு கொண்டுவந்தவர் எங்களில் மூத்தவர். அரசாங்கத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவர் போட்டது ஒரு மெதுவான பாட்டு. நான் வழக்கம்போல முதலில் எழுந்தேன். காதலியிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டு ஏற்கெனவே ஆயிரம் இருக்கிறது, இதில் புதிதாக ஒன்றுமில்லை, மறந்தது நியாயமே என்றேன். நான்கு தலைகள் ஆடின. அப்போது ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

“நான் ஒண்ணு சொல்லலாமா?”

எல்லாரும் திரும்பினோம்.

“அவர் அந்தப் பொண்ணுகிட்ட பாடல. பொண்ணோட அப்பாகிட்ட பாடறாரு. பல்லவி ரெண்டாவது தடவை வரும்போது வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி ஒரு வரி வருது பாருங்க. பொண்ணு உள்ளயே இல்ல.”

கடைக்காரர் பாட்டைத் திரும்பப் போட்டார். அவள் சொன்னது சரி. முப்பது வருடமாக நான் கேட்டு வந்த பாட்டு. பாட்டின் அர்த்தமே மாறிவிட்டது. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓட்டு எடுத்தபோது ஆறு கையும் அநியாயத்துக்கு உயர்ந்தன. என் கையும்தான். வேறு வழியில்லை.

“பிள்ளை, உமக்கும் ஒரு பாட்டு இருக்கும். சொல்லும் பார்ப்பம்,” என்றார் மூத்தவர்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு பேண்டின் பெயரைச் சொன்னாள், அவர்களுடைய விற்காமல் போன ஒரு ஆல்பத்தின் பெயரைச் சொன்னாள். “கடைசிப் பாட்டு” என்றாள். கடைக்காரர் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தபோதே அதன் பேஸ் கிட்டாரை வாயால் முணுமுணுத்தாள். ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது. அதே சுரம், அதே நடை.

“முடியப் போறப்ப டிரம்ஸ் நின்னுடும். அவரு மட்டும் இன்னும் ரெண்டு வரி பாடுவாரு. எல்லாரும் எழுந்து போயிட்டது அவருக்குத் தெரியாத மாதிரி.”

அப்படியே நடந்தது. கடைக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“அண்ணி, இத்தனை வருஷம் எங்க இருந்தீங்க? அண்ணே, இவங்கள வீட்டுல ஒளிச்சு வச்சுட்டு நீங்க மட்டும் வந்துக்கிட்டு இருந்தீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்தும் முன்பே நிறுத்திவிட்டேன். இந்தப் பாட்டைக் கைப்பேசியில் கேட்டு ஓட்டுப் போடுவது பாவம், தனக்குத் தெரிந்த ஒருவரிடம் ரெக்கார்டு இருக்கிறது, அடுத்த வாரம் வாங்கி வைக்கிறேன், அப்போது ஓட்டு என்றார் கடைக்காரர்.

திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“அந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?”

“செந்தூல்ல ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தோம்ல, பக்கத்து வீட்டுல போடுவாங்க. பலகைச் சுவருதானே, எல்லாம் கேக்கும்.”

“யாரு போடுவாங்க?”

“அந்த வீட்டுப் பெரிய பையன்.”

“சுவரு வழியாத்தான் கேட்டியா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “நான் துணி காயப் போட வந்தா ஜன்னலைத் திறந்து வைப்பாரு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அவருக்கும் தெரியும். எனக்குப் பத்தொன்பது வயசு. ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லிக்கல. அப்புறம் அவங்க குடும்பமே வெளிநாட்டுக்கு, பெர்த்துக்குப் போயிட்டாங்க. இதுல என்னங்க இருக்கு?”

“அதே பேண்டைப் பத்தி நான் வீட்டுல எத்தனை தடவை பேசியிருக்கேன். ஒரு நாளாவது எனக்குத் தெரியும்னு சொல்லியிருக்கியா?”

“நீங்க கேக்கலையே. நீங்க சொல்லிக்கிட்டுத்தானே இருந்தீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் குத்தியது.

அந்த வாரம் முழுவதும் பொறாமை விடவில்லை. மதிய நேரத்தில் துறைமுகத்துக் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டேன். குறை கண்டுபிடிப்பதற்காகவே கேட்டேன். கேட்கக் கேட்க ஒரு ஜன்னலும் கொடிக்கயிறும் கண்ணில் வந்தன. எந்த பேண்ட் எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்று பத்தொன்பது வயதில் அவளுக்கு ஒருவன் ஜன்னல் திறந்து காட்டியிருக்கிறான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை. கேட்டால் அவள் சாதாரணமாகச் சொல்லிவிடுவாள் என்று பயம்.

ஆனால் உண்மையைச் சொல்வதானால், பெர்த்துக்காரன் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என் கைப்பேசியில் இருந்தது. செவ்வாய்க்கிழமையே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிவிட்டார்கள். ‘அண்ணி ஞாயிறு வராங்கதானே?’ ‘அண்ணிகிட்ட இந்தப் பாட்டக் கேக்கச் சொல்லுங்க.’ பதினோரு வருடத்தில் நான் வருகிறேனா என்று ஒருவரும் கேட்டதில்லை. வருவேன் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். மனம் ஆறவில்லை.

சனிக்கிழமை அவளிடம் பொய் சொன்னேன். கடைக்காரர் சரக்கு எடுக்கச் சென்னை போயிருக்கிறார், இந்த வாரம் கூட்டம் இல்லை, நான் வேலை விஷயமாக ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். “அப்படியா” என்றாள். அவள் நல்ல புடவை ஒன்றை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டி வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பார்த்தும் பொய்யைத் திரும்ப எடுக்கவில்லை.

மாடியறையில் அவளுக்குக் காய்ச்சல் என்றேன். எல்லார் முகமும் வாடியது. ரெக்கார்டு வந்திருந்தது. உறையின் ஓரம் பழுப்பேறியிருந்தது. கடைக்காரர் இரு கையாலும் எடுத்துப் போட்டார். பாட்டு முடிந்ததும் நான் எழுந்தேன்.

அன்று பேசியதுபோல் நான் அதற்கு முன்பும் பேசியதில்லை, பிறகும் பேசியதில்லை. டிரம்ஸ் நிற்பது உணர்ச்சியால் அல்ல, பதிவுக்கூடத்தில் நேர்ந்த தவறு என்றேன். அந்த ஆல்பம் அவசரத்தில் முடிக்கப்பட்டது எல்லாருக்கும் தெரியும். தவறைத் திருத்த நேரமில்லாமல் விட்டதை நாம் அழகு என்று நினைத்துக்கொள்கிறோம் என்றேன். பாடகர் கடைசி வரியில் சுருதி இறங்குவதைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். நமக்குப் பிடித்த ஒருவர் கொண்டுவந்ததால் பாட்டும் பிடித்துவிடக் கூடாது, அப்படி ஓட்டுப் போட்டால் இந்த நோட்டுக்கு மதிப்பில்லை என்று முடித்தேன். அந்தக் கடைசி வாதம்தான் வேலை செய்தது. நேர்மையானவர்களை அவர்களுடைய நேர்மையை வைத்தே மடக்கினேன்.

நியாயத்துக்கு நான்கு கை. அநியாயத்துக்கு இரண்டு. கடைக்காரர் எழுதிக்கொண்டார்.

“தம்பி, நீர் இவ்வளவு வடிவாக் கதைச்சு நான் கேட்டதில்லை,” என்றார் மூத்தவர். அவர் அநியாயத்துக்குக் கை தூக்கியவர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் பேசியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்கமாக இல்லை. அது அடுத்த நாள்தான் வந்தது.

திங்கள் மாலை வேலை முடிந்து வந்தேன். அவள் மேசையில் எனக்குத் தேநீர் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“கடைக்காரரு போன் பண்ணாரு. காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டாரு.”

நான் கோப்பையைப் பார்த்தேன்.

“இப்பப் பரவால்லன்னு சொன்னேன். உங்கள விட்டுக் குடுக்கல. பாட்டு தோத்துடுச்சாமே. நீங்கதான் பிரமாதமாப் பேசினீங்களாம். அவரு ரொம்பப் பாராட்டினாரு.”

“பாட்டுல குறை இருந்துச்சு…”

“இருக்கட்டும். குறை இருக்குன்னா பேசுங்க, அதுல தப்பே இல்ல. என்னை வச்சுக்கிட்டே பேசியிருக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பாட்டு நல்லா இருக்கா, இல்லையா?”

தேநீரில் படிந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினேன்.

“நல்லா இருக்கு,” என்றேன்.

“அப்புறம்?”

“எனக்கு முன்னாடியே நீ கேட்டுட்ட. அவங்களும் என்னை விட்டுட்டு உன்னைக் கேக்கறாங்க. எனக்குன்னு இருந்தது அந்த ஒரு ரூம்தான்.”

இதை வாய்விட்டுச் சொன்னபோது எத்தனை வயது மனிதன் பேசும் பேச்சு இது என்று எனக்கே தோன்றியது. அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தாள்.

“எனக்குன்னு என்ன ரூம் இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். மூன்று நாள் தேவையான பேச்சு மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு காலை அவள் புடவை கட்டிக்கொண்டு, கார் வேண்டாம், கொமுட்டர் ரயிலில் போகிறேன் என்றாள். நான் அவளுக்குப் பின்னாலேயே கிள்ளான் நிலையத்துக்கு நடந்தேன். ரயிலில் பக்கத்தில் உட்கார விட்டாள். மாடியறையில் எல்லாரும் உட்காரும்வரை காத்திருந்து, நின்றபடியே சொன்னேன். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, நான் பொய் சொன்னேன், பொறாமையில்தான் அப்படிப் பேசினேன், திரும்ப ஓட்டு எடுக்க வேண்டும் என்றேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரர் ஒரு கோப்பையைத் தேவையில்லாமல் துடைத்தார். கடைசியில் மூத்தவர்தான் பேசினார். ஓட்டு ஓட்டுதான், திரும்ப எடுக்கும் வழக்கம் இல்லை. நீர் சொன்ன குறைகள் பொய்யில்லை, அவற்றைச் சொன்னதற்கான காரணம்தான் பொய் என்றார்.

“விடுங்க ஐயா. நோட்டுல அப்படியே இருக்கட்டும்,” என்றாள் என் மனைவி. “எங்கிட்ட வேற பாட்டு இருக்கு.”

இருந்தது. நிறையவே இருந்தது. இப்போது எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். அவளுக்கும் ஓட்டு உண்டு. கடைக்காரர் என்னிடம் பழையபடி பேச இரண்டு மாதம் ஆனது. இன்னும் சில சமயம், நான் ஒரு பாட்டை மட்டம் தட்டும்போது, இது பாட்டைப் பற்றியதுதானா என்பதுபோல் என்னை ஒரு கணம் பார்க்கிறார். அது எனக்கு வேண்டியதுதான்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய். போன ஞாயிறு நான் கொண்டுபோன பாட்டை அவள் எதிர்த்தாள். நடுவில் வரும் நீண்ட கிட்டார் வாசிப்பு பாட்டுக்குத் தேவையே இல்லை, பேஸ் கிட்டார் மட்டும் கேட்டால் அவர்கள் எப்போதோ பாட்டை முடித்துவிட்டது தெரியும் என்றாள். ஐந்துக்கு இரண்டு. தோற்றேன். திரும்பும் ரயிலில் சுபாங் ஜெயா நிலையம் தாண்டும்வரை நான் முகம் கொடுக்கவில்லை. அவள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். ஒன்று எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, இயர்போனைக் காதில் மாட்டி அந்தப் பாட்டை மறுபடி போட்டேன். பேஸை மட்டும் கவனித்துக் கேட்டேன்.

அவள் சொன்னது சரிதான். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.