பம்பருக்குத் தேங்காயெண்ணெய்

உருத்திரபுரத்தில மாமான்ர கார் வெய்யிலுக்கை நிண்டு நிண்டு, பம்பர், கண்ணாடிக் கூடு, கதவுக் கைபிடி எண்டு கறுப்புப் பிளாஸ்டிக் எல்லாம் சாம்பல் பூத்துப் போச்சு. பெயின்ற் மட்டும் பளபளக்கும். மகளுக்குக் கல்யாணம் சரிவந்த உடனை மாமா அறிவிச்சிட்டார்: "என்ர பிள்ளை என்ர காரிலதான் கோயிலுக்குப் போவாள்."

அந்த மகள், என்ர மச்சாள், என்னிலும் மூத்தவள், வாயும் என்னிலும் பெரிசு. "உந்த நரைச்ச காரில ஏறுறதிலும் பாக்க உழவு மெசினில போறன்" எண்டாள்.

மாமாவுக்கு அது குத்திப்போட்டுது. தன்ர மீசைக்கே கிழமைக்கொருக்கா கறுப்படிக்கிற மனிசன், கார் நரைச்சுது எண்டா விடுவாரே?

"மாமா, உதுக்கெண்டு கிரீம் இருக்கு. ரவுண் கடையில வாங்கலாம்" எண்டன்.

"பத்தாம் வகுப்பைப் பாதியில விட்ட உனக்கு என்னடா தெரியும்?"

"பம்பரும் பள்ளிக்கூடம் போகேல்லைத்தானே மாமா."

மாமா கேக்கேல்லை. குசினியில இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்திலைக் கொண்டுவந்து தேய் தேயெண்டு தேச்சார். அவற்ற தலை கூட அவ்வளவு எண்ணெய் கண்டிராது. பம்பர் காகம் மாதிரிக் கறுத்துப் போச்சு. "பாத்தியே?" எண்டு மீசையைத் தடவினார்.

அடுத்த நாள் துணுக்காய்ப் பக்கம் சொந்தக்காரருக்குக் கல்யாணம் சொல்லப் போனம். முழுக்கச் செம்மண் கிரவல் றோட்டு. எண்ணெயில புழுதி அப்பி, போய் இறங்கேக்கை பம்பர் செங்கல்லு. மாமா உள்ளுக்கை தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வெளியில வாறார், அந்த வீட்டு நாய் பம்பரை நக்கிக்கொண்டு நிக்குது. நக்கின இடம் மட்டும் கறுப்பு.

"மாமா, நாயையும் ஏத்திக்கொண்டு போவம். மற்றப் பக்கத்தையும் முடிச்சுத் தரும்."

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சினம். மாமா சிரிக்கேல்லை. திரும்பி வீட்டடிக்கு வந்தாப் பிறகு, "அவள் உண்மையா ஏறமாட்டாள் போலடா" எண்டார். மீசையும் தொங்கிப்போய் நிண்டுது. எனக்கே பகிடி வரேல்லை.

ரவுணுக்குப் போய் நான் சொன்ன கிரீமை வாங்கிவந்தன். சவுக்காரத் தூளும் பழைய பல்லுத் தேய்க்கிற பிறஸ்சுமாய் எண்ணெய்ப் பிசுக்கை உரஞ்சிக் கழுவி, காயவிட்டு, காரை மாமரத்து நிழலுக்கை தள்ளினன். வெய்யிலில பூசினாத் திட்டுத் திட்டாய்ப் பிடிக்கும். பஞ்சில கொஞ்சமாய்த் தொட்டு மெல்லிசாப் பூசி, மிச்சத்தைச் சீலையால துடைச்சு, ஊறவிட்டுத் திரும்பவும் ஒருக்காப் பூசினன். மாமா கதிரையில இருந்து, "அங்கை விட்டிட்டாய், இங்கை விட்டிட்டாய்" எண்டு பெரிய மேற்பார்வை.

கல்யாணத்தண்டு மச்சாள் நகைநட்டோட வந்து குனிஞ்சு, பம்பரை விரலால ஒரு இழுவை இழுத்தாள். அந்த விரலை என்ர வெள்ளை வேட்டியில துடைச்சாள். வேட்டி வெள்ளையாத்தான் இருந்துது.

"சரி, ஏறுறன்" எண்டாள். மாமா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார், கண் கலங்கிப் போச்சு மனிசனுக்கு.

கோயில் வாசலில மாப்பிள்ளையின்ர தகப்பன் காரைச் சுத்திப் பாத்திட்டு, "என்ன சம்பந்தி, புதுசு மாதிரி மினுங்குது?" எண்டார்.

"வேறையொண்டுமில்லை, எங்கட வீட்டுத் தேங்காயெண்ணெய்தான்" எண்டார் மாமா, கூசாமல்.

சம்பந்தி தன்ர வானின்ர வெளிறின பம்பரைத் திரும்பிப் பாத்தார். நான் வாயே திறக்கேல்லை. அவற்ற வீட்டு றோட்டும் கிரவல்தான். வீட்டு வாசலில நாயும் ரெண்டு நிக்குது.