பொப் மாமாவின் ரயில் பாட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இப்போது மறதி வேறு. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. அதிலிருந்த இரண்டு பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். மருமகள் பார்த்துவிட்டு, "ஏன் அத்தே, வடகமா காயப் போடுறீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் விரலில் ஒட்டிய அந்தத் துரு வாசனை என்னைக் கோத்தகிரிப் பக்கத்துத் தோட்ட லயத்துக்கே, அந்த வரிசை வீடுகளுக்கே, இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இலங்கையிலிருந்து கப்பலில் வந்த எங்களை அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டு அப்போது இரண்டு மூன்று வருஷம் இருக்கும். லயத்தின் இருபது காம்பரா அறைகளுக்கும் சேர்த்து ஒரே ரேடியோ, காளியம்மா அக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கரையின் இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் வைப்போம். பாட்டை விட எங்களுக்குப் பெயர்கள்தான் முக்கியம். பாதிச் சனம் இங்கே, பாதிச் சனம் அங்கே. கடுதாசி போய்ச் சேராத இடத்துக்கும் ரேடியோ போய்விடும். ஒரு பெயர் வாசித்தால் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார், இன்ன ஊரில் இருக்கிறார் என்று தெரிந்துபோகும். ஆனால் கேட்ட பாட்டைப் போட்டால்தான் பெயரை வாசிப்பார்கள்.

கடைசிக் காம்பராவில் ஞானமுத்து மாமா இருந்தார். எங்களுக்குப் பொப் மாமா. கொழும்பில் ஒரு ஹோட்டலில் கோட்டுப் போட்டுப் பொப் பாட்டு, இங்கே பாப் என்பார்களே, அது பாடியவர். ஒரு இசைத்தட்டும் வெளிவந்தது. பதுளை ரயிலில் மூட்டை முடிச்சோடு ஏறும் மாமியாரைப் பற்றிய துள்ளல் பாட்டு. அதே வானொலி நிலையத்தில் ஒரு காலத்தில் தினமும் போட்டார்களாம். இங்கே அவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தார். மனைவி செத்த பிறகு மகளை அங்கேயே அவள் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் போட்டிருந்த கெடுவுக்குள் தனியாகக் கப்பலேறியவர். அவர் போட்ட கடுதாசிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மகள் எங்கே என்றே தெரியவில்லை.

ஆள் முன்னால் வாய் திறக்காத எனக்கு எழுத மட்டும் தெரியும் என்பதால் ரேடியோவுக்குத் தபால் அட்டை எழுதும் வேலை என்னுடையது. மாமா பக்கத்தில் குந்திக்கொள்வார்.

"பேரு கெடக்கட்டும் புள்ள, எம் பாட்டக் கேளு. அதுல ரயிலாட்டம் 'கூ'ன்னு கத்துறது எம் மகதான். ஏழு வயசு அப்ப. எங்க இருந்தாலும் திரும்பிப் பாப்பா."

அவரிடமிருந்த தட்டு பெட்டிக்குள்ளேயே உடைந்துபோயிருந்தது. அந்தக் 'கூ' அதன்பின் அந்த வானொலி நிலையத்தில் மட்டுந்தான் இருந்தது.

ஒரு வருஷம் எழுதினேன். லயத்தில் இருந்த எல்லார் பெயரிலும், பெயர் தீர்ந்தபின் காளியம்மா அக்காவின் ஆட்டுக்குட்டி பெயரிலும்கூட. "ஏனுங்க, ரேடியோக்காரங்களுக்கு உங்க தோட்டத்துல மட்டுந்தான் சொந்தமுங்களா?" என்று தபால்காரர் கேட்பார். கடைசியில் நிலையத்திலிருந்து இரண்டு வரி வந்தது. பழைய பொப் பாடல்கள் இப்போது ஒலிபரப்பில் இல்லை, புதிய சினிமாப் பாடல்களைக் கேட்கவும் என்று.

மாமா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "பாடுனவன் செத்துட்டான்னு நெனச்சிட்டானுகளோ?"

காளியம்மா அக்கா சும்மா இருப்பாளா? "மீசைய வழிச்சிட்டுப் பொம்பளக் கொரல்ல பாடுங்க மாமா, நாளைக்கே போடுவான்."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

இனிச் சொல்வது எனக்கு இன்னும் வெட்கம். நான் யாருக்கும் தெரியாமல், புதுச் சினிமாப் பாட்டுக் கேட்டு என் பெயரில் ஓர் அட்டை போட்டேன். ஒரு தரமாவது என் பெயரைக் கேட்க ஆசை. மூன்றாம் ஞாயிறே என் பெயரும் தோட்டத்தின் பெயரும் கணீரென்று வந்தன. லயமே கைதட்டியது. நான் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். மாமா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றார்.

"நல்லா வாசிச்சான் புள்ள, ஒம் பேர" என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நாமளும் சினிமாப் பாட்டே கேட்டிருந்தா, எம் பேரும் எப்பவோ போய்ச் சேந்திருக்கும்ல?"

நான் அவர் கோப்பையை எடுத்துக் கழுவப் போனேன்.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே வந்துவிட்டார். "எழுது. அவனுக பாட்டையே கேளு. எம் பேரையும் ஊரையும் தெளிவாப் போடு. 'கூ' வேணாம்."

அனுப்பினேன். ஆடி பிறந்தது. பெயர் வர வேண்டிய ஞாயிறு அன்று ரேடியோவில் கட்டை தீர்ந்திருந்தது. மண் சரிந்து கடைக்குப் போகும் பாதையும் அடைபட்டுக் கிடந்தது. வெயில் பட்டால் கொஞ்சம் உயிர் வருமென்று கட்டைகளைக் கூரைத் தகரத்தின் மேல் காயப் போட்டோம். எங்கள் மலையில் ஆடியில் ஏது வெயில்? பனிமூட்டம் இறங்கி நனைந்ததுதான் மிச்சம். பேசாத ரேடியோவின் முன்னால், நிகழ்ச்சி முடியும் நேரம் வரைக்கும் மாமா உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் அக்கரையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் என்று செய்தி வந்தது. அப்புறம் எங்களிடமிருந்து ஓர் அட்டையும் போகவில்லை. உறைபனிக் காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி, மாமா குன்னூர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். காளியம்மா அக்காவும் இல்லை. அந்த அலைவரிசையில் இப்போது இரைச்சல்கூட வருவதில்லை. ஏழு வயசுப் பிள்ளையின் 'கூ' எந்த அலமாரியில் கிடக்கிறதோ, குப்பையில் போட்டார்களோ.

நான் எழுதியதில் பிழை நிறைய இருக்கும். அதையெல்லாம் விடுங்கள். ஒன்றை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொன்னால் போதும். அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு ரேடியோ பாடியிருந்தால், நீலகிரியிலிருந்து ஞானமுத்து என்று ஒரு பெயர் வாசித்தார்களா?