முதல் படிக்கு எந்தக் கால்

வலது இடுப்பு மூட்டு தேஞ்சு போயி மூணு வருஷம் நொண்டினேன். கடலைக் காட்டுல களை புடுங்கக் குந்த முடியாது, பஸ் படி ஏற முடியாது. யாராவது "பாவம்"னா எனக்குப் பத்திக்கினு வரும். கடைசியில சென்னையில ஆபரேஷன் பண்ணி புது மூட்டு வச்சாங்க. மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே வேண்டுதல்தான்: முருகா, திருத்தணி மலைக்கு என் காலாலயே படியேறி வரேன்.

வீட்டுக்கு வந்த அன்னிக்கு நாத்தனார் ஆரத்தித் தட்டோட வாசல்ல நின்னுகினு இருந்தா. நான் கல்யாணமாகி வந்தப்ப சொன்ன மாதிரியே, "அண்ணி, வலது காலை எடுத்து வச்சு வாங்க"ன்னா. ஏறும்போது நல்ல காலைத்தான் முதல்ல வைக்கணும்னு ஆஸ்பத்திரியில படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பினாங்க. ஆரத்தியைப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு. வலது காலை வச்சு எம்பினேன். கால் நிக்கல. தட்டு மேலயே சாஞ்சேன், ஆரத்தித் தண்ணி பூரா என் புடவையில. வீட்டுக்காரர் புடிக்கலைன்னா புது மூட்டு அன்னிக்கே போயிருக்கும்.

"சாங்கியம் பாத்து என்னைச் சாவடிக்கப் பாத்தியே"ன்னு நாத்தனாரைக் கண்டபடி ஏசிட்டேன். அதோட எங்களுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. வாசப்படிப் பக்கமே நான் போகல. இனிமே எங்க மலை ஏறப்போறேன்னு அழுதுகினு கெடந்தேன்.

நடக்கப் பழக்க ஒரு பொண்ணு வீட்டுக்கு வரும். "நல்ல கால் மேல, ஆபரேஷன் கால் பின்னால"ன்னு சொல்லிச் சொல்லி, வாசப்படியில ஆரம்பிச்சு மாடிப்படி வரைக்கும் ஏத்திடுச்சு. நாத்தனார் தினம் எனக்குச் சோறு கொண்டாந்து வச்சுட்டு, ஓரமா நின்னு பாத்துட்டுப் போவா. நான் கண்டுக்கல.

டாக்டர் சரின்னு சொன்னதும், கூட்டமில்லாத ஒரு நாளாப் பாத்து மலையடிவாரத்துக்குப் போனோம். தேங்காய்த் தட்டைத் தூக்கிக்கினு நாத்தனாரும் வந்தா. முதல் படியில எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு வலது காலை வச்சு ஏறுறாங்க. நான் மட்டும் நின்னுட்டேன். வலது காலை வச்சா சாஞ்சிடுவேனோன்னு பயம். சாமி படியில இடது காலை வைக்க மனசு வரல. "கார்லயே மேல போயிடலாம்மா"ன்னாரு வீட்டுக்காரர். எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கினு வந்துச்சு.

நாத்தனார் தட்டை அவர் கையில குடுத்துட்டு என் முழங்கையைப் புடிச்சா.

"அண்ணி, இடது காலை எடுத்து வச்சு வாங்க"ன்னா.

வச்சேன். மேல போய்ச் சேர்ற வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் அதையே சொல்லிக்கினு வந்தா.