ஏழரை மணிக்கு வரும் மகள்

என் மகள் வீட்டுக்கு வருவதில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு எங்கள் டிவியில் வருவாள். வகிட்டில் செந்தூரம், கையில் சங்கு வளையல், தலையில் முக்காடு, யாரோ ஒரு பணக்கார வங்காளி வீட்டின் இரண்டாவது மருமகளாக. அந்த வீட்டில் மூத்த மருமகள்தான் கதாநாயகி. அவளுக்கு வருகிற கஷ்டங்களைப் பார்த்துக் கண்கலங்குவதும், மாமியாருக்குத் தெரியாமல் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் என் மகளுக்கு வேலை. அந்த வீட்டுக் கதை எக்கேடு கெட்டால் எனக்கென்ன? இவள் இளைத்திருக்கிறாளா, தொண்டை கட்டியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா, அதைத்தான் பார்ப்பேன். விளம்பரம் வந்தால் எழுந்துபோய் அடுப்பைக் கவனிப்பேன்.

நாங்கள் பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் இருக்கிறோம். நான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். என் கணவர் குடும்பம் அவருடைய தாத்தா காலத்திலிருந்து இங்கேதான். மகள் பிறந்தது, படித்தது எல்லாம் இந்த ஊர் என்பதால் அவளுக்கு வங்காளிதான் வாயில் வரும். தமிழ் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் மட்டும். சண்டை முற்றினால் அதுவும் போய்விடும், வங்காளிக்குத் தாவிவிடுவாள். என்னுடைய வங்காளி காய்கறிக்காரரிடமும் டிவியிடமும் கற்றது. அதை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டேன்.

நியூ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு நல்ல வேலை இருந்தது. ஒரு நாள், வேலையை விட்டுவிட்டேன், டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் சீரியல் கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றாள். அவள் அப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு அடங்கிவிட்டார். நான் அடங்கவில்லை. அவள் எதிரில் புலம்புவேன், அவள் இல்லாதபோது ஜாதகத்தை அனுப்புவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா, “பொண்ணு டிவியில நடிக்கிறதா சொன்னாங்களே?” என்று இழுத்தார்.

“சும்மா பொழுதுபோக்குக்குத்தான். கல்யாணம்னு வந்தா விட்டுருவா” என்றேன்.

காபித் தட்டோடு அவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தட்டை மேஜையில் வைத்தாள், எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தாள், சிரித்தாள். அவர்கள் படியிறங்கும்வரை அருமையாக நடித்தாள்.

மறுநாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றாள். “தொமார் ஓபோர் ஆமார் கூப் ஓபிமான் ஹொயேச்சே, அம்மா” என்றாள். உன்மேல் எனக்கு ரொம்ப என்பது வரைக்கும் புரிந்தது. ஓபிமான் என்றால் அபிமானம். இந்த ஊரில் எந்தச் சொல்லையும் வாயைக் குவித்துத்தான் சொல்வார்கள், ரசகுல்லாவே ரொசொகொல்லா ஆகிவிடும். நமக்கு அபிமானம் என்றால் பிரியம்தானே? சீரியலிலும் அந்தச் சொல் அடிக்கடி வரும். பெண்டாட்டி கண்ணில் நீரோடு அதைச் சொல்வாள், புருஷன் கிட்டே வந்து கையைப் பிடிப்பான். அது பிரியம் இல்லாமல் வேறு என்ன? நேற்றுப் பட்டதை மறந்துவிட்டு என்னிடம் கொஞ்சுகிறாள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“எனக்கு மட்டும் இல்லாமயா போச்சு? போ, பல்ல வெளக்கிட்டு வா, தோசை ஊத்துதேன்” என்றேன்.

அவள் அறைக்குள் போனாள். தோசை எடுத்துக்கொண்டு போனபோது கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது, அலமாரி பாதி காலியாகியிருந்தது. கூட நடிக்கும் பெண்களோடு டாலிகஞ்சில் வீடு எடுத்திருக்கிறாளாம். நான் கத்தினேன், அழுதேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. அப்பா ஏதாவது அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும். அவர் அதையே பத்து தடவை எடுத்துப் பார்ப்பார். மற்றபடி நான் என் பிள்ளையைப் பார்ப்பதற்கு இருந்தது அந்த அரை மணி நேரம் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது.

அதற்கும் ஆபத்து வந்தது. வியாழக்கிழமைதோறும் எந்த சீரியலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கு வரும். அதைப் போனில் படித்துச் சொல்வது கீழ்வீட்டு பௌதி. பௌதி என்றால் அண்ணி. சீரியல் பைத்தியம், வாயும் கொஞ்சம் நீளம். “உன் பொண்ணு சீரியல் விழுந்துடுச்சு” என்று மாடிப்படியில் நின்று சத்தமாக அறிவிப்பாள். அடுத்த வாரம், இன்னும் விழுந்துவிட்டது என்பாள். இப்படியே போனால் நிறுத்திவிடுவார்களாம், இல்லையென்றால் ஆளைக் குறைப்பார்களாம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், ஏழரை மணிக்கு இந்தச் சானலைப் போடுங்கள் என்று ஓட்டுக் கேட்பதைப்போலக் கேட்டேன். லேக் மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் அண்ணாச்சியையும் விடவில்லை. அவர் கடை டிவியில் எப்போதும் தமிழ் சீரியல்தான் ஓடும். எனக்காக இரண்டு நாள் மாற்றிப் போட்டார். மூன்றாம் நாள், “எக்கா, தப்பா நெனைக்காதிய. வாறவுக எல்லாம் நம்ம சீரியலத்தாம் கேக்காவ. தோசை மாவு வாங்க வந்தவுக சண்டைக்கு வாறாவ” என்றார்.

பிறகு பௌதியின் மருமகன்தான் சொன்னான், யார் வேண்டுமானாலும் பார்த்தால் கணக்கில் வராதாம். சில வீடுகளில் மட்டும் ஒரு பெட்டி வைத்திருப்பார்களாம், அந்த வீடுகளில் பார்ப்பதுதான் கணக்காம். எந்த வீடு என்று வெளியே சொல்லமாட்டார்களாம். விட்டேனா? “உங்க வீட்டில் பெட்டி இருக்கா?” என்று எனக்குத் தெரிந்த வங்காளியில் கதவு கதவாகக் கேட்டேன். நகைப் பெட்டியைக் கேட்கிறாள் என்று நினைத்து ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள். என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். சிரிக்கிற விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் சீரியலில் என் மகளுக்கு இருமல் வந்துவிட்டது. சீரியல் பார்க்கிற யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். வில்லிக்கு இருமல் வந்தால் குணமாகிவிடும், நல்லவளுக்கு வந்தால் ஆஸ்பத்திரிதான். நான் மட்டும் அது நிஜமான இருமல் என்று நினைத்துக்கொண்டு, பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் குடிக்கச் சொல்லி மெசேஜ் அனுப்புங்கள் என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். அதற்குக் கட்டைவிரல்கூட வரவில்லை.

சில நாள் கழித்து அவளே அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பினாள். மேக்கப் இல்லாமல், நேராகப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி தன்னுடைய படம் ஒன்று வேண்டுமாம், ஷூட்டிங்குக்கு. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பிள்ளைக்குப் பெரிய வேஷம் வந்துவிட்டது, போஸ்டர் அடிக்கப்போகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆல்பங்களையெல்லாம் இறக்கிப் போட்டு, போன தீபாவளிக்கு என்னுடைய மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்ற படத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

மறு வாரம் சீரியலில் அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள், அடுத்த நாளே அந்தப் படத்தை டிவியில் பார்த்தேன். பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அந்தப் பணக்கார வீட்டின் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். நெற்றியில் சந்தனம். ரஜனிகந்தா மாலை, நம் ஊர் சம்பங்கிதான். கீழே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. என் புடவையில், எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, என் பிள்ளை மாலைக்குள்ளிருந்து சிரித்தாள்.

நான் போட்ட சத்தத்தில் அவள் அப்பா பால்கனியிலிருந்து ஓடி வந்தார். தினமும் ஏழரை மணிக்கு அங்கே போய் நின்றுகொள்வார், பார்க்காததுபோல. படத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நடிப்புத்தான், பொய்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை போட எந்தத் தாய் எடுத்துக் கொடுப்பாள்? ஓடிப்போய் உப்பும் வற்றல் மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்து டிவியைச் சுற்றினேன்.

“டிவிக்கா சுத்திப் போடுதே?” என்றார் அவர்.

“எம் பிள்ளைக்குச் சுத்துதேன், பேசாம இரிங்க.”

மிளகாயை அடுப்பில் போட்டேன். திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பார்கள். வந்த நெடியில் நாங்கள் இரண்டு பேரும் இருமினோம், படிக்கட்டு முழுக்கப் பரவி, பௌதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்துவிட்டாள். திருஷ்டியும் இல்லையென்றால் என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்தது எதுதான்? பௌதியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கோபித்துக்கொண்டுகூடப் போகவில்லை பௌதி, உன்மேல் ஓபிமான் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனாளே என்று அழுதேன்.

பௌதி முந்தானையை எடுத்தாள். “நீ என்ன பதில் சொன்னே?”

சொன்னேன். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஓபிமான்னா வெறும் பிரியம் இல்லை. வெறும் கோபமும் இல்லை. கோபம் யார்மேல வேணும்னாலும் வரும், பஸ் கண்டக்டர்மேலகூட வரும். இது சொந்தமானவங்க மேல மட்டும்தான் வரும். நீ என் மனசை நோகடிச்சுட்டே, நீயே வந்து சமாதானப்படுத்துன்னு அர்த்தம். அதுவரைக்கும் பேசமாட்டாங்க. காத்துக்கிட்டு இருப்பாங்க.”

“யாருக்கு?”

“உனக்குத்தான், வேற யாருக்கு?”

இத்தனை மாசமும் அவள் வருவாள் என்று நான் இங்கே காத்திருந்தேன். அவள் அங்கே நான் வருவேன் என்று காத்திருந்திருக்கிறாள். மெட்ரோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் டாலிகஞ்ச். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். அவள் அப்பாவிடம் இருந்த விலாசத்தை விசாரித்து விசாரித்து, ஒரு சந்துக்குள் மூன்றாம் மாடி ஏறினேன். அவளே கதவைத் திறந்தாள். எண்ணெய் வழிகிற தலை, பழைய டிஷர்ட், நகத்தில் பாதி உரிந்த சாயம். உயிரோடு நின்றாள். தொட்டுப் பார்க்கக் கை நீண்டது, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதால் பாதியில் நின்றுவிட்டது.

“எட்டி, அன்னைக்கு நீ சொன்னது எனக்குப் புரியல. நேத்துத்தான் கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். மனசுல வச்சுக்காதட்டி” என்றேன்.

அவள் கதவை விடாமலே, “நேத்து எபிசோட் பாத்தியா?” என்றாள்.

“பாத்தேன்.”

“முந்தாநாள்? ஆஸ்பத்திரி சீன்?”

“ஒரு நாள்கூட விடல.”

அவள் கண்ணில் ஏதோ வந்தது. கதவிலிருந்து ஒரு கையை எடுத்தாள். “அது ஒரே டேக்ல பண்ணினேன் அம்மா. செட்டுல எல்லாரும் கைதட்டினாங்க. டைரக்டர் வந்து கையக் குடுத்தார். நீ சொல்லு, எப்படிப் பண்ணியிருந்தேன்?”

நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த சீன் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் கையில் குத்தியிருந்த ஊசி ஞாபகம் வந்தது, நிஜமாகவே குத்திவிட்டார்களோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன பேசினாள், எப்படி அழுதாள், எதுவும் என்னிடம் இல்லை. இத்தனை மாசம் கண்ணெடுக்காமல் பார்த்தேன், என் பிள்ளை நடித்ததை ஒரு நாளும் பார்க்கவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

“நடிப்பயெல்லாம் நான் எங்கட்டி பாத்தேன்? உன்னத்தான் பாத்துட்டு இருந்தேன்” என்றேன்.

சீரியலாக இருந்தால் இந்த இடத்தில் இடி இடித்து, அவள் முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிய வைத்திருப்பார்கள். இங்கே பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது, அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அடுத்த தடவை நடிப்பையும் பாரு, அம்மா” என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அடுத்த தடவை என்று ஒன்று உண்டா என்று கேட்பதற்குக் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.